பொன் கன்றுக்குட்டிப் பாடம் எடுப்பது எப்படி? ஒரு பட்டறைக்காரன் சொல்கிறேன்

காரைக்குடியில் நகைப் பட்டறையிலேயே முப்பது வருஷம் ஓட்டியவன் நான். ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் ஜெபத்துக்குக் கூடுவார்கள். விக்கிரகாராதனை, அதாவது சிலை வழிபாடு பற்றி நான் முதலில் பாடம் எடுத்தது கொப்புடையம்மன் கோயில் திருவிழா சமயம். தெருவில் மேளச் சத்தம். அதையே பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பேசினேன். எல்லோரும் சுகமாகத் தலையாட்டினார்கள். தப்பு அங்கேதான். அக்கம்பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசினால் கேட்கிறவனுக்கு வலிக்கவே வலிக்காது. அவர்கள் வழிபாடு அவர்களோடு. பைபிளில் பொன் கன்றுக்குட்டிக் கதை வருகிற யாத்திராகமம் 32-ஆம் அதிகாரம் கடிந்துகொள்வது கர்த்தருக்கு வாக்குக் கொடுத்தவர்களை.

அதனால் 32-ஐ நேராகத் திறக்காதீர்கள். 24-ல் தொடங்குங்கள். கர்த்தர் சொன்னதையெல்லாம் செய்வோம் என்கிறார்கள் ஜனங்கள். மோசே உடன்படிக்கையின் இரத்தத்தை அவர்கள்மேல் தெளிக்கிறார். எங்கள் பக்கத்தில் கழுத்துரு (கல்யாணத்தில் பூட்டுகிற தாலி நகை) பூட்டியாகிவிட்டது என்று சொன்னால் போதும், அத்தைமார்களுக்குப் புரிந்துவிடும். அதன் பிறகு மோசே மலையில் இருந்தது 40 நாள். அந்த 40 நாளை ஜனங்களால் தாங்க முடியவில்லை; மோசேயின் அண்ணன் ஆரோனைப் பிடித்து, தங்கள் நகைகளைக் கொடுத்துப் பொன் கன்றுக்குட்டி ஒன்றைச் செய்யவைத்தார்கள்.

இப்போது 32-ஐ வாசிக்கச் சொல்லி, 5-ஆம் வசனத்தில் நிறுத்துங்கள். ஆரோன் யாருக்குப் பண்டிகை என்று அறிவித்தான்? 'கன்றுக்குட்டிக்கு' என்பார்கள். திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். கர்த்தருக்குப் பண்டிகை என்றுதான் இருக்கும். நீங்கள் உடனே விளக்கம் சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள், கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள். கர்த்தரை விட்டுவிட்டோம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. பேர் அவருடையது, நம்பிக்கை மட்டும் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றின்மேல் போய்விட்டது. பிற்பாடு இஸ்ரவேலின் ராஜா யெரொபெயாமும், எகிப்திலிருந்து உன்னை அழைத்துவந்த தெய்வங்கள் இவை என்று 4-ஆம் வசனத்தில் ஜனங்கள் சொன்ன அதே வார்த்தையைச் சொல்லித்தான் பெத்தேலிலும் தாணிலும் கன்றுக்குட்டிகளை வைத்தான். ஜனங்கள் எருசலேமுக்குப் போய்வந்தால் ராஜ்யம் கைநழுவிவிடுமோ என்ற பயம் அவனுக்கு.

அடுத்தது எனக்குப் பிடித்த இடம், 24-ஆம் வசனம். மோசே கேட்டதற்கு ஆரோன் சொல்கிறான்: பொன்னை அக்கினியில் போட்டேன், இந்தக் கன்றுக்குட்டி வந்தது. பட்டறையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நான் ஒரு மூசையும் (பொன் உருக்குகிற சின்னக் கிண்ணம்) கழித்துப்போட்ட பித்தளைத் தோடு ஒன்றும் கொண்டுபோவேன். பழைய தோட்டை மூசையில் போட்டு, உருக்க உதவும் வெங்காரம் தூவி, ஊதி உருக்கினால் அடியில் ஒரு உருண்டை நிற்கும், அவ்வளவுதான். கொக்கி வேண்டுமென்றால்கூட உட்கார்ந்து அடிக்க வேண்டும், இழுக்க வேண்டும், அரம் போட வேண்டும். 4-ஆம் வசனமே ஆரோன் சிற்பக்கருவியைப் பிடித்ததைச் சொல்லிவிடுகிறது. 'அதுவா வந்துருச்சு' என்று நாமும் எதை எதையெல்லாம் சொல்கிறோம் என்று இங்கே கேளுங்கள். கடையை ஞாயிற்றுக்கிழமையும் திறக்க ஆரம்பித்ததை நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பொன்னே பாவம் என்று யாராவது கிளம்புவார்கள். விடாதீர்கள். அதே ஜனங்கள்தான் 35-ஆம் அதிகாரத்தில் கர்த்தரை வழிபடும் ஆசரிப்புக் கூடாரத்துக்கு நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். சேர்ந்த பொன் 29 தாலந்து 730 சேக்கல் என்று 38-ல் எடைக் கணக்கே இருக்கிறது. ஓசியா 2-ல் கர்த்தருடைய வருத்தமும் அதுதான்: நான் கொடுத்த பொன்னைப் பாகால் என்கிற வேறு தெய்வத்துக்கு ஆக்கினாளே என்று இஸ்ரவேலைப் பற்றிச் சொல்கிறார், மனைவியைப் பற்றி வீட்டுக்காரர் பேசுகிற மாதிரி. நேரமிருந்தால் மோசே செய்த வெண்கலச் சர்ப்பத்தையும் தொடலாம். கர்த்தர் செய்யச் சொன்னதுதான் அது. அதற்கே தூபம் காட்ட ஆரம்பித்ததால் பிற்பாடு எசேக்கியா ராஜா உடைத்துப்போட்டான்.

கடைசியில், பொருளாசையே விக்கிரகாராதனை என்று சொல்கிற கொலோசெயர் 3:5-ஐ வாசித்துவிட்டு, காலி மூசையைக் கைமாற்றி அனுப்புங்கள். எதைக் கழற்றி இதில் போடச் சொன்னால் கை நடுங்கும் என்று அவரவர் மனசுக்குள் யோசிக்கட்டும். வாய்விட்டுச் சொல்லச் சொல்லாதீர்கள். போன தடவை ஒரு அத்தை மூசையை உருட்டிப் பார்த்துவிட்டு, 'பேங்குல இருக்கிற நகைச் சீட்டைப் போடலாமா தம்பி?' என்றார். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. மூசையை அடுத்தவரிடம் கொடுக்கவும் இல்லை.