மண் பாதைக்குப் பவர் வீல்சேர்: குடை சாயாமல் தயார் செய்வது எப்படி?

மண் பாதையில் ஓட்ட வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது பெரிய டயரையும் பவர் கூடிய மோட்டாரையும்தான். எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காமல் இவற்றை மாட்டினால், மெதுவாகச் சாய்ந்த வண்டி வேகமாகச் சாயும், அவ்வளவுதான். அதனால் எடைக் கணக்கு முதலில், சக்கரம் அதற்குப் பிறகு, ஜாய்ஸ்டிக் கடைசியில்.

இங்கே சொல்வதெல்லாம் பின்சக்கரத்தில் மோட்டார் உள்ள 24 வோல்ட் வண்டிக்கு. நடுச்சக்கரத்தில் மோட்டார் உள்ள வண்டி வீட்டுக்குள் அருமையாகத் திரும்பும். ஆனால் சிறு பள்ளத்தைத் தாண்டும்போது முன்னும் பின்னும் உள்ள சின்னச் சக்கரங்கள் கரைகளில் தாங்கிக்கொள்ள, ஓட்டும் சக்கரம் அந்தரத்தில் சுற்றும். மடக்கு வீல்சேரின் சட்டமும் இந்த வேலைக்கு ஆகாது. இன்னொன்று, எந்த மாற்றம் செய்தாலும் வாரன்டி போய்விடும் என்று எண்ணிக்கொண்டே தொடங்குங்கள்.

எடையை அளப்பது

வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இரண்டு போதும். ஓட்டுபவர் வழக்கமாக உட்காரும் நிலையில், முன்சக்கரம் ஒவ்வொன்றின் கீழும் ஒரு மெஷினை வையுங்கள். பின்சக்கரங்களுக்குக் கீழே அதே உயரத்துக்குப் பலகை போட்டு வண்டியை மட்டமாக்குங்கள். மொத்த எடை 180 கிலோ, முன்னால் விழுவது 72 கிலோ, முன்பின் அச்சுகளுக்கு இடையே 50 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 72-ஐ 50-ஆல் பெருக்கி 180-ஆல் வகுத்தால் 20. அதாவது எடை மையம் (மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) பின் அச்சுக்கு 20 செ.மீ. முன்னால் இருக்கிறது.

அடுத்து உயரம். ஆளை இறக்கிவிட்டு, அவர் எடைக்குச் சமமான மணல் மூட்டைகளை இருக்கையில் கட்டுங்கள். பின்னால் உள்ள ஆன்டி டிப் சக்கரங்களை, அதாவது வண்டி மல்லாராமல் தாங்கும் சின்னச் சக்கரங்களை, தற்காலிகமாகக் கழற்றுங்கள். இரண்டு பேர் முன்பக்கத்தைத் தூக்க, மற்ற இருவர் வண்டி மல்லாந்து விடாமல் கயிற்றைப் பிடித்துக்கொள்ளட்டும். தூக்கத் தூக்கக் கையில் பாரம் குறைந்துகொண்டே வரும். ஓரிடத்தில் பாரமே இல்லாமல் வண்டி தன் பாட்டில் நிற்கும். அந்த நொடியில் சட்டத்தின் மீது செல்போனை வைத்துச் சாய்வைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தரையில் தூக்கிப் பார்த்த கோணம் மேட்டுக்குப் பொருந்தாது. தூக்கும்போது வண்டி அச்சைச் சுற்றித் திரும்புகிறது. மேட்டில் பிரேக் பிடித்து நிற்கும் வண்டி டயர் தரையைத் தொடும் இடத்தைச் சுற்றிக் கவிழ்கிறது. 14 அங்குலச் சக்கரத்தில் அச்சின் உயரம் சுமார் 18 செ.மீ. தூக்கிய கோணம் 25.5 டிகிரி என்றால், 20-ஐ அதன் டேன்ஜென்ட் (கால்குலேட்டரில் tan) மதிப்பால் வகுத்தால் 42. அதோடு 18-ஐச் சேர்த்தால் எடை மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருக்கிறது என்று கிடைக்கும். 20-க்கு 60 என்ற விகிதம் 18 டிகிரிதான். மேட்டில் உங்கள் வண்டி மல்லாரும் கோணம் 25 அல்ல, 18.

அந்த 18-ம் அசையாமல் நிற்கும் வண்டிக்கானது. வேகமெடுக்கும்போதும், பின்னோக்கி இறங்குகையில் சட்டென்று பிரேக் பிடிக்கும்போதும் வண்டி இதற்கு வெகு முன்பே மல்லாரும். அதனால் கணக்கில் வரும் கோணத்தில் பாதியைத் தாண்டாதீர்கள். தயாரிப்பாளரின் கையேட்டில் போட்டிருக்கும் எல்லை இன்னும் குறைவாக இருந்தால் அதுவே எல்லை.

எடையை நகர்த்துவது

செலவில்லாத வழி, இருக்கையை முன்னால் தள்ளுவது. ஆளும் இருக்கையும் சேர்ந்து 90 கிலோ என்றால், 4 செ.மீ. தள்ளினால் மொத்த எடை மையம் 2 செ.மீ. முன்னேறும். 18 டிகிரி 20 ஆகும். ஆனால் முன்சக்கரத்தில் பாரம் ஏறினால் மணலில் அது கலப்பை போல் உழும். மேடு அதிகமென்றால் மொத்த எடையில் 40 சதவீதம் முன்னால் இருக்கலாம், மணல் அதிகமென்றால் 30 போதும். இரண்டுக்கும் ஒரே அமைப்பு கிடையாது. இருக்கையை இறக்க முடிந்தால் இறக்குங்கள், பக்கவாட்டுச் சாய்வுக்கும் அதுதான் மருந்து. முதுகுக்குப் பின்னால் பையை மட்டும் மாட்டாதீர்கள்.

பேட்டரி விஷயத்தில் கவனம். 24 கிலோ ஈய பேட்டரி இரண்டை எடுத்துவிட்டு, பாதி எடையுள்ள லித்தியம் போட்டால் வண்டி இலகுவாகும் என்பது உண்மைதான். ஆனால் அடித்தளத்தில் இருந்த 24 கிலோ காணாமல் போகிறது. அது 25 செ.மீ. உயரத்தில் இருந்திருந்தால், எடை மையம் 60-லிருந்து 65 செ.மீ.க்கு ஏறிவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. முழுதாகச் சார்ஜ் ஏறிய லித்தியத்தோடு நீண்ட இறக்கத்தில் இறங்கும்போது மோட்டார் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று அதைத் தாங்காமல் துண்டித்தால், மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் அணைந்து, மின்சாரம் நின்றால் தானே பிடிக்கும் மின்காந்த பிரேக்குகள் ஒரே நொடியில் பிடித்துக்கொள்ளும். ஓட்டுபவர் முன்னால் தூக்கி எறியப்படுவார். மலைப்பாங்கான இடத்துக்கு ஈயமே மேல்.

சக்கரம்

முன்னால் உள்ள 8 அங்குலக் காஸ்டரை (எந்தப் பக்கமும் திரும்பும் சின்னச் சக்கரம்) கழற்றி, அகலமான 10 அங்குலக் காஸ்டர் போட்டால் கல்லிலும் குழியிலும் நன்றாக ஏறும். ஆனால் முன்பக்கம் 2.5 செ.மீ. உயரும், அச்சுகளுக்கு இடையே 50 செ.மீ. உள்ள வண்டியில் அது 3 டிகிரி. இருக்கையைத் தள்ளிச் சம்பாதித்ததைவிட அதிகம் இங்கே பறிபோகிறது. காஸ்டரைப் பிடித்திருக்கும் கவையில் (ஃபோர்க்) அச்சுத் துளை அந்த அளவு மேலே இருப்பதாக வாங்குங்கள், அல்லது பட்டறையில் செய்துகொள்ளுங்கள். காஸ்டரின் நடுத்தண்டு செங்குத்தாக நிற்க வேண்டும், சாய்ந்தால் வேகத்தில் படபடவென்று ஆடும். மாட்டிய பிறகு காஸ்டரை முழுச் சுற்று திருப்பி, கால்தட்டிலும் பேட்டரிப் பெட்டியிலும் இடிக்காமல் 2 செ.மீ. இடைவெளி இருக்கிறதா பாருங்கள். கரிசல் சேறு டயரில் அப்பும்போது இந்த இடைவெளிதான் காப்பாற்றும்.

பின்னால் காற்றடிக்கும் டயர்தான் வேண்டும். கெட்டி ரப்பரில் அதிர்வு முழுதும் முதுகெலும்புக்குப் போகும். சாலையில் 35 பிஎஸ்ஐ என்றால் மணலில் 18 முதல் 20 வரை இறக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே அளவு இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். சீமைக்கருவேல முள் கிடக்கும் ஊரில் ட்யூபுக்குள் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவத்தை ஊற்றிவிடுங்கள். வீல்சேர் ரிம் பெரும்பாலும் இரண்டு பாதிகளை போல்ட்டால் இணைத்தது. காற்றை முழுதும் இறக்காமல் அந்த போல்ட்டைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பிரியும். பஞ்சர் கடைக்காரரிடமும் இதைச் சொல்லுங்கள், ஸ்கூட்டர் பழக்கத்தில் கை வைத்துவிடுவார்.

சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே ஸ்பேசர் என்ற இடைத்துண்டு போட்டுச் சக்கரங்களை வெளியே தள்ளினால் பக்கவாட்டு உறுதி கூடும். பக்கத்துக்கு 3 செ.மீ.க்கு மேல் வேண்டாம், கியர்பாக்ஸ் தண்டின் பேரிங் தேய்ந்துவிடும்.

ஆன்டி டிப் சக்கரம் பள்ளத்தில் தட்டுகிறதென்று சிலர் கழற்றி வீசிவிடுகிறார்கள். கூடவே கூடாது. தரையிலிருந்து 6 செ.மீ. உயர்த்துங்கள். பின் அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் இருந்தால், வண்டி 11 டிகிரி மல்லாந்ததும் தாங்கிக்கொள்ளும். குண்டூசி மாதிரிப் பின் கொண்ட மெல்லிய குழாயாக இருந்தால், கனமான குழாயும் உறுதியான 8.8 தர போல்ட்டும் அதிர்வில் கழலாத நைலாக் நட்டும் போட்டு மாற்றுங்கள்.

கன்ட்ரோலரும் பெல்ட்டும்

மண்ணுக்கென்று தனி டிரைவ் புரொஃபைல் (கன்ட்ரோலரில் பதியும் ஓட்ட அமைப்பு) ஒன்றை டீலரிடம் போடச் சொல்லுங்கள். முறுக்குவிசை குறைய வேண்டாம். வேகமெடுப்பு, வேகக்குறைப்பு, திரும்பும் வேகம் மூன்றும் குறையட்டும். ஒரு பின்சக்கரம் தூக்கிக்கொண்டால் பிடிப்புள்ள மறு சக்கரம் வண்டியைச் சடாரென்று திருப்பிவிடும். திரும்பும் வேகம் அதிகமாக இருந்தால் வரப்பிலிருந்து நேராக வாய்க்கால்தான்.

இடுப்பு பெல்ட் வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பின் மீது, 45 முதல் 60 டிகிரி சாய்வில் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். பாதங்களுக்கும் பட்டை வேண்டும். கால் நழுவிக் காஸ்டருக்குள் போனால் எலும்பு முறியும்.

ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டம் மணல் மூட்டைக்கு. 5 டிகிரி, பிறகு 8, பிறகு 10. வண்டிக்குக் கீழ்ப்பக்கம் யாரும் நிற்க வேண்டாம். கயிறு மேலிருந்து தளர்வாகப் போகட்டும். ஏறி, நடுவில் நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பாருங்கள். காஸ்டர் தரையை விட்டுக் கிளம்புகிறதா என்று ஒருவர் குனிந்து பார்க்கட்டும். காகிதம் நுழையும் இடைவெளி தெரிந்தாலே வேகமெடுப்பை இன்னும் குறைக்க வேண்டும்.

ஆள் ஏறிய பிறகு மேட்டை நேராக ஏறுங்கள், குறுக்கே போகாதீர்கள். சரிவின் நடுவில் திரும்பாதீர்கள், பின்சக்கரத்துக்கும் குறுகலான காஸ்டருக்கும் இடைப்பட்ட மூலைப்பக்கம்தான் வண்டி மிக எளிதாகச் சாயும். மோட்டாரை விடுவிக்கும் லீவரைச் சரிவில் தொடவே கூடாது, பிரேக் போய்விடும். புதைந்துவிட்டால் ஜாய்ஸ்டிக்கை அழுத்திக்கொண்டே இருக்காமல், பத்து விநாடியில் விட்டுவிட்டு டயருக்கு அடியில் சாக்கோ பலகையோ செருகுங்கள். மோட்டார் சூடேறினால் கன்ட்ரோலர் தானே பவரைக் குறைத்துவிடும். மிருதுவான மண்ணில் பேட்டரி வேகமாகக் கரையும், மூன்றில் ஒரு பங்கு போனதும் வீட்டுப் பக்கம் திரும்புங்கள். வந்ததும் ஈரத்துணியால் துடையுங்கள், பிரஷர் வாட்டர் வேண்டாம். முதல் சில ஓட்டங்களில் ஒவ்வொன்றும் முடிந்ததும் ஸ்பேனரோடு உட்கார்ந்து, சக்கர நட்டையும் ஆன்டி டிப் போல்ட்டையும் இறுக்கிப் பாருங்கள்.