ஜன்னல் வெளிச்சத்தில் குடும்பப் படம்

வீட்டுக்குள் படம் எடுக்கிறீர்களா? முதலில் டியூப்லைட்டை அணையுங்கள். பகல் வெளிச்சத்தோடு அதுவும் கலந்தால் ஒரு கன்னம் ஒரு நிறம், மறு கன்னம் வேறு நிறம். பிறகு எடிட்டிங்கில் அதைச் சரிசெய்வது பெரிய தலைவலி.

ஜன்னலுக்கு முதுகு காட்டி யாரையும் நிற்கவைக்காதீர்கள், முகம் இருண்டுபோகும். நீங்கள் ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டு, அவர்களை ஜன்னலைப் பார்க்க உட்காரவையுங்கள். வரிசை ஜன்னலுக்கு இணையாக இருக்கட்டும். உள்ளே நீண்டால் கடைசியில் இருக்கும் மாமா இருட்டில்தான் இருப்பார். பக்கவாட்டு வெளிச்சம் மட்டுமே கிடைக்கிறதா? நிழல் விழும் பக்கம் ஒரு வெள்ளை வேட்டியை இருவர் விரித்துப் பிடித்தால் போதும், கண்ணுக்குக் கீழே உள்ள கருமை அப்படியே குறையும். காசு கொடுத்து ரிஃப்ளெக்டர் (வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் பலகை) வாங்க வேண்டியதில்லை.

குழந்தைகள் இருந்தால் கேமராவின் ஷட்டர் வேகம் 1/125 வினாடியைவிட மெதுவாகப் போகவேண்டாம். அதற்காக ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) 3200 வரை ஏறினாலும் பரவாயில்லை. அதனால் படம் புள்ளி புள்ளியாகத் தெரிவதைப் பிறகு எடிட்டிங்கில் குறைக்கலாம், அசைந்த முகத்தை ஒன்றும் செய்யமுடியாது. இரண்டு வரிசையென்றால் லென்ஸ் துளையை அகலமாகத் திறக்கும் எஃப்/1.8 ஆசையை விட்டுவிட்டு, துளை சிறிதாகும் எஃப்/4 வையுங்கள், பின்வரிசையும் தெளிவாக விழும்.

செல்போனில் எடுப்பவர்கள் நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல ஃபிரேம்களைச் சேர்த்து ஒரே படமாக்குவதால், துறுதுறுவென்று இருக்கும் பிள்ளை கலங்கலாகத்தான் விழும்.