கேலனும் அவுன்ஸும்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அமெரிக்கக் கடையில் கோலா 2 லிட்டர் பாட்டிலில் கிடைக்கும். பக்கத்தில் இருக்கும் பாலோ கேலன், அரை கேலன், குவார்ட் கணக்கில்தான் இருக்கும். பயப்பட வேண்டாம், பெரும்பாலான லேபிள்களில் லிட்டர், மில்லி அளவும் சின்ன எழுத்தில் இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள்.

ஒரு கேலன் 3.785 லிட்டர்; கடைக்கணக்குக்கு 3.8 போதும். அதில் கால் பங்கு குவார்ட், 946 மில்லி, அதாவது நம் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. குவார்ட்டில் பாதி பைன்ட், பைன்ட்டில் பாதி கப். ஒரு கப் 237 மில்லி. தினமும் ஒரு லிட்டர் பால் செலவாகும் வீட்டுக்கு ஒரு கேலன் கிட்டத்தட்ட நான்கு நாள் வரும்.

பெட்ரோல் விலையையும் 3.8ஆல் வகுத்தால் லிட்டர் விலை தெரிந்துவிடும். கேலனுக்கு 30 மைல் ஓடும் கார், நம் கணக்கில் லிட்டருக்கு ஏறக்குறைய 12.7 கிலோமீட்டர். லண்டனில் இருக்கும் சொந்தக்காரர் காரோடு மட்டும் அப்படியே ஒப்பிடாதீர்கள். 1824ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர். அங்கே 36 மைல் என்றால் இங்கே 30தான்.

அவுன்ஸில்தான் பலரும் குழம்புகிறார்கள். திரவ அவுன்ஸ் என்பது கொள்ளளவு, சுமார் 30 மில்லி. வெறும் அவுன்ஸ் என்பது எடை, சுமார் 28 கிராம். 32 அவுன்ஸ் தயிர் டப்பாவில் இருப்பது 907 கிராம் எடை. 32 திரவ அவுன்ஸ் பால் என்றால் 946 மில்லி.

சமையலில் ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஒரே டம்ளரால் அரிசியையும் தண்ணீரையும் அளந்தால் விகிதம் சரியாக இருக்கும். ரைஸ் குக்கரோடு வரும் கப் பெரும்பாலும் 180 மில்லிதான்; அதை அமெரிக்கக் கப்போடு கலந்து அளக்காதீர்கள். பாயசத்துக்கு ஒரு லிட்டர் பால் என்றால் நாலேகால் கப் ஊற்றுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் தோராயமே கூடாது. மருந்தை மில்லி குறித்த சிரிஞ்சால்தான் அளக்க வேண்டும், வீட்டுக் கரண்டியால் கூடாது. டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15. இரண்டும் மாறிப்போனால் மருந்து மூன்று மடங்காகிவிடும். இன்னொன்று, நம் பாராசிட்டமாலுக்கு இங்கே அசிட்டமினோஃபென் என்று பெயர். குழந்தைகளுக்கான திரவ மருந்தில் வழக்கமாக 5 மில்லிக்கு 160 மில்லிகிராம் இருக்கும். இந்தியாவில் 120, 250 என்று வெவ்வேறு செறிவில் விற்கிறார்கள். அதனால் ஊரில் கொடுத்த அதே மில்லி அளவை இங்கே கொடுக்காதீர்கள். குழந்தையின் எடையைச் சொல்லி மருத்துவரிடமோ மருந்துக்கடை பார்மசிஸ்டிடமோ கேளுங்கள். தயங்கவே வேண்டாம், அவர்கள் பொறுமையாகச் சொல்வார்கள்.

பால்மாவிலும் இதே கவனம் வேண்டும். இந்தியாவில் பல டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி மாவு. இங்கே பலவற்றில் 2 திரவ அவுன்ஸுக்கு, அதாவது 60 மில்லிக்கு, ஒரு கரண்டி. பழைய பழக்கத்தில் கலந்தால் பால் இரண்டு மடங்கு கெட்டியாகிவிடும், பிஞ்சு உடம்புக்கு அது ஆகாது. ஒரு டப்பாவின் கரண்டியை இன்னொன்றில் போடாதீர்கள். வேறு பால்மாவுக்கு மாறும்போதெல்லாம் டப்பாவில் போட்டிருக்கும் அளவைப் படித்துவிட்டுக் கலக்குங்கள். பாட்டி, தாத்தா ஊரிலிருந்து வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டால் அந்த அளவைத் தமிழில் எழுதி டப்பாவிலேயே ஒட்டிவிடுங்கள்.