அடிமை முறையில் லாபம் பார்த்த நிறுவனங்கள்: இழப்பீட்டு வழக்குகளைப் பற்றிய தவறான எண்ணங்கள்

அமெரிக்காவில் அடிமை முறையால் சம்பாதித்த நிறுவனங்கள் மீது அடிமைகளின் வாரிசுகள் இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்குகளைப் பற்றிப் பேச்சு வந்தால், "ஆதாரம் இல்லாததால் தள்ளுபடி ஆகிவிட்டது" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான்.

ஆதாரம் இருக்கிறது. அதுவும் நிறுவனங்களே ஒப்புக்கொண்ட ஆதாரம். ஏட்னா காப்பீட்டு நிறுவனம் 1850களில் அடிமைகளின் உயிருக்கு பாலிசி போட்டது. அடிமை இறந்தால் பணம் போனது அவர் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அல்ல, எஜமானருக்கு. இதற்காக 2000இல் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2005 ஜனவரியில் ஜேபி மார்கன் சேஸ் வங்கி வெளியிட்ட தகவல் இன்னும் கொடுமை. பிற்பாடு தன்னோடு வந்து சேர்ந்த இரண்டு லூசியானா வங்கிகள், 1831 முதல் 1865 வரை சுமார் 13,000 அடிமைகளைக் கடனுக்கு ஈடாக ஏற்றிருந்தன என்றது. நாம் நகையை வைத்துக் கடன் வாங்குகிறோமே, அதுபோல மனிதர்களை வைத்து வாங்கியிருக்கிறார்கள். கடன் திரும்பாதபோது சுமார் 1,250 பேர் அந்த வங்கிகளுக்கே சொந்தமானார்கள். வங்கியின் இந்தத் தகவல் தானாக வெளியே வரவில்லை. நகராட்சியோடு ஒப்பந்தம் போடும் நிறுவனங்கள் பழைய பதிவேடுகளைத் தேடி அடிமை முறைத் தொடர்பைச் சொல்லியாக வேண்டும் என்று சிகாகோ 2002இல் விதி கொண்டுவந்ததால் வந்தது.

சரி, அப்புறம் ஏன் வழக்கு தோற்றது? 2002இல் தொடங்கி, பல இடங்களில் போட்ட வழக்குகளை சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்த்தார்கள். 2005இல் அவை தள்ளுபடியாயின. 2006இல் மேல்முறையீட்டில் நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர் எழுதிய தீர்ப்பும் பெரும்பகுதியை அப்படியே உறுதிசெய்தது. அடிமை முறை நடந்ததா என்பது அங்கே கேள்வியே இல்லை. இந்த நிறுவனம் செய்த இந்தக் காரியத்தால் இந்த வாதிக்கு இந்த நஷ்டம் என்று கண்ணி கண்ணியாகக் காட்ட முடிகிறதா என்பதே கேள்வி. "என் முன்னோர் அடிமை, இந்த நிறுவனம் அடிமைகளால் சம்பாதித்தது" என்ற இரண்டு உண்மைகளுக்கு நடுவில், அந்த முன்னோரின் உழைப்பு அந்த நிறுவனத்தின் கணக்கில் எங்கே ஏறியது என்ற இணைப்பு இல்லை. முன்னோரின் வாரிசுப் பிரதிநிதியாக வந்தவர்களை, இத்தனை ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்ற காலவரம்பு தடுத்தது. இந்தக் காலவரம்புதான் எனக்கு ஆறாத விஷயம். அடிமையாக இருந்தவருக்கு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் உரிமை பொதுவாகக் கிடையாது. விடுதலைக்குப் பிறகும் தென் மாநில நீதிமன்றங்கள் அவருக்குத் திறந்த கதவாக இருந்ததில்லை. போட முடியாத வழக்கை உரிய நேரத்தில் போடவில்லை என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்வது எப்படி நியாயம்?

"யாருமே ஜெயித்ததில்லை" என்பதும் தவறு. ஹென்ரியட்டா வுட் 1848இல் சின்சினாட்டியில் சட்டப்படி விடுதலை பெற்றவர். 1853இல் அவரை ஏமாற்றி ஒஹாயோ ஆற்றைத் தாண்டி, அடிமை முறை சட்டப்படி இருந்த கென்டக்கி மாநிலத்துக்குக் கொண்டுபோய் மறுபடியும் அடிமையாக விற்றுவிட்டார்கள். உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழியும்வரை அந்த அடிமைத்தனம் நீடித்தது. சின்சினாட்டிக்குத் திரும்பியவர், அந்த விற்பனைக்குப் பின்னால் இருந்த செபுலன் வார்ட் மீது 1870இல் 20,000 டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1878இல் வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி 2,500 டாலர் கொடுக்கச் சொன்னது. கேட்டதில் எட்டில் ஒரு பங்கு. ஆனாலும் பணம் கைக்கு வந்தது. பாதிக்கப்பட்டவரும் உயிரோடு இருந்தார், பாதித்தவரும் உயிரோடு இருந்தார், இருவருக்கும் நடுவில் கண்ணி அறுபடவில்லை. சிகாகோ வழக்கில் இல்லாமல் போனது அதுதான்.

"அந்தக் காலத்தில் அது சட்டப்படி சரிதானே, இழப்பீடு எதற்கு" என்பவர்கள் பிரிட்டனைப் பார்க்கலாம். 1833இல் அடிமை முறையை ஒழித்தபோது அங்கே 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கினார்கள். அத்தனையும் எஜமானர்களுக்கு. அதற்காக வாங்கிய கடன் 2015இல்தான் முழுதாக அடைந்தது. இழப்பீடு என்ற யோசனை புதிதல்ல, போய்ச் சேர வேண்டியவர்களுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

நிறுவனம் தரும் உதவித்தொகையை இழப்பீட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜேபி மார்கன் சேஸ் லூசியானாவின் கறுப்பின மாணவர்களுக்கு 50 லட்சம் டாலர் ஒதுக்கியது. நல்ல காரியம்தான். ஆனால் அது நிறுவனம் விரும்பிக் கொடுத்தது. அடகு வைக்கப்பட்ட அந்த 13,000 பேரின் வாரிசுகளுக்கு அதனால் எந்தச் சட்ட உரிமையும் பிறக்கவில்லை.

கடைசியாக, 2006 தீர்ப்பில் பலரும் படிக்காமல் விடும் பகுதி ஒன்று. ஒரு நிறுவனம் தன் அடிமை முறைத் தொடர்பை மறைத்து வாடிக்கையாளரை ஏமாற்றியிருந்தால், மாநில நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அந்தப் புகாரைத் தொடரலாம் என்று நீதிமன்றம் விட்டுவைத்தது. இங்கே 1850இல் நடந்ததற்குக் கண்ணி தேட வேண்டாம், காலவரம்பும் அன்றிலிருந்து ஓடாது. நிறுவனம் இன்று சொல்கிற பொய்யும் அதை நம்பி இன்று வாங்கியவரும் போதும். இதில் கிடைக்கும் தொகை அடிமை உழைப்புக்கான கூலி ஆகாது என்பது உண்மை. ஆனால் பழைய பதிவேடுகளைத் திறந்து காட்டியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி நிறுவனத்துக்கு வரும்.