முதல் சதுரம்: கைப்பின்னலால் வீட்டை அலங்கரிக்கலாம், வாங்க

திருப்பூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பின்னல் துணி புதிதல்ல. பனியன் துணியே பின்னல் துணிதான். பாவும் ஊடையுமாகத் தறியில் நெய்யாமல், ஒரே நூலைக் கண்ணிக்குள் கண்ணியாகக் கோத்து எந்திரம் பின்னித் தள்ளுகிறது. அதையே இரண்டு ஊசியை வைத்துக்கொண்டு கையால் செய்தால் நிட்டிங். ஆனாலும் நான் ஊசியைக் கையில் எடுத்த அன்று அம்மிச்சி (அம்மாவின் அம்மா) கேட்டது, "நாம என்ன ஊட்டியிலயா இருக்கறோம் சாமி, ஸ்வெட்டர் போட?" என்றுதான்.

நியாயமான கேள்வி. இங்கே நாம் ஸ்வெட்டர் பின்னப் போவதில்லை. திண்ணையில் சாய்ந்துகொள்ள ஒரு தலையணை உறை, டம்ளருக்கு அடியில் வைக்க ஒரு விரிப்பு, பித்தளைக் குடம் ஆடாமல் நிற்க அடியில் வைக்கும் வளையமான ஒரு புரிமணை. எல்லாமே ஒரு சதுரத்தையும் ஒரு நீளப் பட்டையையும் வைத்துச் செய்துவிடலாம். அதற்கு ஒரே ஒரு பின்னல் தெரிந்தால் போதும்.

நூல்: இதில் அவசரப்படாதீர்கள்

நம் ஊருக்குப் பருத்திதான். வெயில் காலத்தில் உல்லன் தலையணையில் யாரும் கன்னத்தை வைக்க மாட்டார்கள். ஆடிக்காற்று அடிக்கத் தொடங்கினால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் வீடு முழுக்கத் தூசி படியும். அதனால் வீட்டில் வைக்கும் எந்தப் பின்னலும் அடிக்கடி துவைக்கத் தக்கதாக இருக்க வேண்டும். பருத்தி அதற்குத் தாங்கும்.

ஒரே ஒரு சங்கடம், பருத்தி நூல் இழுத்தால் நீண்டு கொடுக்காது. புதிதாகப் பழகும் கைக்கு அது கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ஆகவே முதல் இரண்டு மூன்று நாள் பழகுவதற்கு மட்டும் ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் அக்ரிலிக் உல்லன் உருண்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பு நூலில் கண்ணி எது, இடைவெளி எது என்றே தெரியாது.

பழகிய பிறகு, கையால் பின்னுவதற்கென்றே விற்கும் நடுத்தரத் தடிமன் பருத்தி நூலுக்கு மாறலாம். 100 கிராம் உருண்டையில் ஏறக்குறைய 200 மீட்டர் இருந்தால் அது நமக்குச் சரியான தடிமன். லேபிளில் போட்டிருப்பார்கள்.

"வீட்டிலேயே கோன் நூல் கிடக்கிறதே" (கூம்பில் சுற்றி வரும் ஆலை நூல்) என்று நம் பகுதியில் பலரும் கேட்பார்கள். பயன்படுத்தலாம். ஆனால் அது மிக மெல்லியது. ஒரு பவுண்டு எடையில் 840 கஜ நீளச் சிட்டங்கள் (நூல் சுருள்கள்) எத்தனை வருகின்றனவோ அதுதான் அந்த நூலின் கவுண்ட். கவுண்ட் ஏற ஏற நூல் மெலியும். மேலே சொன்ன தடிமன் வர வேண்டுமானால் 10-ஆம் கவுண்ட் ஒற்றை இழை நூலை 8 இழையாகவும், 20-ஆம் கவுண்டை 16 இழையாகவும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். எட்டுச் சிறு உருண்டைகளாகச் சுற்றிவிட்டு, பிறகு எட்டு முனைகளையும் சேர்த்து ஒரே உருண்டையாகச் சுற்றிக்கொள்ளலாம். ஆனால் ஊசி முனை இழைகளுக்கு நடுவே புகுந்து பிரித்துவிடும் என்பதால் முதல் சதுரத்துக்கு இது வேண்டாம். கை படிந்த பிறகு தாராளமாகச் செய்யுங்கள்.

ஊசி

4 மில்லிமீட்டர் ஊசி ஒரு ஜோடி. பழைய கடைகளில் நம்பர் சொல்லிக் கேட்டால் அது 8-ஆம் நம்பர். இங்கும் நூல் கவுண்ட் மாதிரிதான், நம்பர் கூடினால் ஊசி மெலியும். மூங்கில் ஊசி கிடைத்தால் அதையே வாங்குங்கள். அலுமினியத்தில் கண்ணி வழுக்கி இறங்கிவிடும், மூங்கில் பிடித்துக்கொள்ளும். கூடவே ஒரு கத்தரி, பெரிய காதுள்ள மொட்டை ஊசி, ஒரு சேஃப்டி பின், அளவு டேப். அவ்வளவுதான்.

கண்ணி ஏற்றுவது

நூல் முனையிலிருந்து ஒரு சாண் விட்டு, ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு இடக்கை ஊசியில் மாட்டுங்கள். அது முதல் கண்ணி. வலக்கை ஊசியின் முனையை அந்தக் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னால் போகுமாறு நுழையுங்கள். இப்போது இரண்டு ஊசியும் பெருக்கல் குறி போல, வலக்கை ஊசி பின்னால் இருக்கும்படி நிற்கும். உருண்டையிலிருந்து வரும் நூலை வலக்கை ஊசியின் முனையைச் சுற்றிக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நூல் இரண்டு ஊசிக்கும் நடுவே வந்து விழ வேண்டும். அந்தச் சுற்றை வலக்கை ஊசியால் கண்ணி வழியாக முன்பக்கம் இழுத்தெடுங்கள். புதிதாக ஒரு கண்ணி வந்திருக்கும். அதைக் கொண்டுபோய் இடக்கை ஊசியில் மாட்டுங்கள். இரண்டாயிற்று. இப்படியே 24 கண்ணிகள் ஏற்றுங்கள்.

இறுக்கி இழுக்க வேண்டாம். ஒவ்வொரு கண்ணியும் ஊசியில் இப்படியும் அப்படியும் நகர வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் கண்ணி கழன்றுவிடும் என்று பயந்து இறுக்கிவிடுவார்கள். அப்புறம் முதல் வரிசையில் ஊசி நுழையவே நுழையாது.

பின்னுவது

நல்ல செய்தி, இதை ஏற்கெனவே செய்துவிட்டீர்கள். நுழை, சுற்று, இழு, மூன்றும் அதேதான். ஒன்று மட்டும் மாறும். இழுத்தெடுத்த புதுக் கண்ணியை வலக்கை ஊசியிலேயே விட்டுவிட்டு, இடக்கை ஊசியிலிருக்கும் பழைய கண்ணியை மெதுவாக நழுவ விட வேண்டும். 24-ஐயும் இப்படிப் பின்னி முடித்தால் எல்லாக் கண்ணிகளும் வலக்கை ஊசிக்கு வந்துவிடும். ஊசிகளைக் கை மாற்றிக்கொண்டு மறுபடி அதே வேலை.

எல்லா வரிசையையும் இப்படி ஒரே பின்னலாகப் போட்டால் இரண்டு பக்கமும் வரப்பு வரப்பாகத் தெரியும். இரண்டு வரிசைக்கு ஒரு வரப்பு. இந்தப் பின்னலை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பனியன் துணியை வெட்டினால் ஓரம் சுருண்டுகொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் மேடாகவும் இருக்கும் பின்னல் அப்படித்தான் சுருளும். வரப்புப் பின்னலில் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் ஓரம் சுருளாது. மேசையில் போட்டால் படிந்து கிடக்கும்.

இன்னொரு வசதி, கண்ணி எத்தனையோ அத்தனை வரப்பு வந்தால் ஏறக்குறையச் சதுரம் ஆகிவிடும். 24 கண்ணி என்றால் 24 வரப்பு, அதாவது 48 வரிசை. டேப் கூட வேண்டாம், ஒரு மூலையை எதிர் மூலைக்கு மடித்துப் பாருங்கள். ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தினால் சதுரம்.

ஐந்தாறு வரிசைக்கு ஒருமுறை கண்ணிகளை எண்ணிவிடுங்கள். 24 இருந்தது 27 ஆகியிருக்கும். பலருக்கும் நடப்பதுதான். வரிசை தொடங்கும்போது நூலை ஊசிக்கு மேலாகத் தூக்கிப் பின்னால் போட்டால், முதல் கண்ணியின் இரண்டு காலும் (ஊசியின் இருபுறமும் இறங்கும் நூல்) மேலேறி இரண்டு கண்ணி மாதிரித் தெரியும். இரண்டையும் பின்னிவிடுவோம். நூலை எப்போதும் ஊசிக்கு அடியிலேயே பின்பக்கம் கொண்டுபோனால் இது வராது. குறைந்திருந்தால் எங்கோ ஒரு கண்ணி நழுவியிருக்கிறது. பதறாமல் அதில் சேஃப்டி பின்னை மாட்டிவிட்டால் மேலும் இறங்காது. பிறகு ஊசிமுனையால் வரிசை வரிசையாக மேலே ஏற்றிக் கொண்டுவரலாம்.

அடைப்பது

முதல் இரண்டு கண்ணிகளைப் பின்னுங்கள். வலக்கை ஊசியில் முதலாவது கண்ணியை இரண்டாவதற்கு மேலாகத் தூக்கிப் போட்டு ஊசியிலிருந்து இறக்குங்கள். ஒன்று மிஞ்சும். இன்னொன்று பின்னி மறுபடி அதே போல. கடைசிக் கண்ணி நிற்கும்போது ஒரு சாண் விட்டு நூலை வெட்டி, முனையை அதன் வழியாக இழுத்துவிடுங்கள். தொங்கும் முனைகளை மொட்டை ஊசியில் கோத்து வரப்புகளுக்குள் போய் வருமாறு இரண்டு அங்குலம் ஓட்டி வெட்டுங்கள்.

இப்போது சதுரத்தை அளந்து பாருங்கள். எனக்கு 12 சென்டிமீட்டர் வருகிறது, அதாவது 10 சென்டிமீட்டருக்கு 20 கண்ணி. உங்கள் கை இறுக்கமாக இருந்தால் குறையும், தளர்ந்திருந்தால் கூடும். அதற்குத்தான் முதல் சதுரத்தைத் துவைத்து, காயவைத்து, பிறகு அளக்க வேண்டும். அந்த அளவு தெரிந்துவிட்டால் எதற்கு எத்தனை கண்ணி என்ற கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். டம்ளர் விரிப்புக்கு 8 சென்டிமீட்டர் வேண்டுமென்றால் எனக்கு 16 கண்ணி போதும்.

திண்ணைத் தலையணை

ஒன்பது சதுரம் பின்னுங்கள். ஒவ்வொன்றும் 10, 12 கிராம் நூல் எடுக்கும், ஆக இரண்டு உருண்டை வாங்கினால் தைக்கவும் மிச்சமிருக்கும். மூன்றுக்கு மூன்றாக அடுக்கும்போது ஒரு சதுரத்தின் வரப்பு குறுக்காகவும் பக்கத்துச் சதுரத்தின் வரப்பு நெடுக்காகவும் இருக்கட்டும். ஒரே நிற நூலாக இருந்தாலும் வெளிச்சம் வெவ்வேறாக விழுந்து கட்டம் போட்டது போலத் தெரியும். என் கண்ணுக்குப் பல நிறம் கலந்ததைவிட இதுதான் அழகு.

ஓரங்களை அதே நூலால் தைத்தால் 36 சென்டிமீட்டர் வரும். கடையில் கிடைக்கும் 16 அங்குலக் குஷனுக்கு, அதாவது 40 சென்டிமீட்டருக்கு, இது சின்னதாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். பின்னல் நீண்டு கொடுக்கும். சரியளவில் பின்னினால் இரண்டே வாரத்தில் தொளதொளவென்று ஆகிவிடும். பின்பக்கத்துக்குப் பின்ன வேண்டியதில்லை. பழைய சென்னிமலைப் போர்வையிலிருந்து ஒரு துண்டு வெட்டிச் சுற்றித் தைத்தால் உறுதியாக நிற்கும். ஒரு பக்கம் மட்டும் திறப்பு விட்டுப் பட்டன் வைத்துக்கொள்ளுங்கள், உறையைக் கழற்றித் துவைக்க வேண்டும்.

பனியன் துணியில் ஒரு புரிமணை

எனக்கு மிகவும் பிடித்தது இது. பக்கத்தில் தையல் இல்லாத பழைய பனியனை எடுத்து, அக்குளுக்குக் கீழே உள்ள குழாய்ப் பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். கீழ் விளிம்பிலிருந்து 2.5 சென்டிமீட்டர் அகலத்தில், உடம்பைச் சுற்றி வரும் திசையில், மாங்காய்த் தோல் சீவுவது போல விடாமல் சுற்றிச் சுற்றி வெட்டிக்கொண்டே போனால் முழுப் பனியனும் ஒரே நீள நாடாவாகிவிடும். நாடாவை இரு கையாலும் இழுத்தால் ஓரம் உருண்டு கயிறு போல ஆகும். சற்றுமுன் சொன்ன சுருளும் குணம் இங்கே நமக்கு உதவுகிறது.

இதற்கு 10 மில்லிமீட்டர் ஊசி வேண்டும். கடையில் இல்லையென்றால் மூங்கில் குச்சியைச் சீவி உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிக்கொள்ளுங்கள். 8 கண்ணி ஏற்றி, 60 சென்டிமீட்டர் நீளம் வரும்வரை வரப்புப் பின்னல். அகலம் 10 சென்டிமீட்டர் வாக்கில் இருக்கும். பட்டையை நெடுக்காகச் சுருட்டித் தைத்து, இரு முனையையும் சேர்த்தால் வளையம். பித்தளைக் குடமோ பூந்தொட்டியோ ஆடாமல் உட்காரும். தண்ணீர் கசியும் மண்பானைக்கு வைப்பதானால் இரண்டாகச் செய்து, ஒன்று நனைந்ததும் மாற்றி வெயிலில் போடுங்கள். ஈரத்திலேயே விட்டால் பூஞ்சை பிடிக்கும்.

அம்மிச்சி வைக்கோல் புரியில் புரிமணை சுற்றியவர். இதைக் கையில் வாங்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, "அடுப்பிலிருந்து எறக்குன போசிக்கும் ஒன்னு பண்ணு கண்ணு" என்றார். செய்து கொடுத்தேன், முழுப் பருத்திப் பனியன் துணியில் மட்டும். அக்ரிலிக்கோ பாலியெஸ்டரோ கலந்த நூல் சூட்டில் உருகும் என்பதால் அது அடுப்பங்கரைக்கு ஆகாது.

எங்கே வைப்பது

பின்னலின் அழகு அதன் மேடு பள்ளத்தில் இருக்கிறது. நேரே மேலிருந்து டியூப்லைட் அடித்தால் அது தட்டையாகத் தெரியும். ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் வெளிச்சம் விழும் இடமாகப் பாருங்கள். திண்ணைக்குக் காலை வெயில் சாய்வாக வரும், அங்கே வெள்ளை நூல் கூட அருமையாக இருக்கும். மேற்கு ஜன்னலில் நேர் வெயிலில் வைத்தால் சாயம் வெளிறிவிடும்.

ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) பவானி ஜமுக்காளம் விரித்திருந்தால் அதன் பட்டைக் கோடுகளுக்கே பார்வை போகும். அதன்மேல் வைக்கும் தலையணை ஒரே நிறமாக இருக்கட்டும், ஜமுக்காளத்தில் உள்ள ஒரு நிறத்தையே எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. ஒரு அறைக்கு இரண்டு மூன்று பின்னல் போதும். எல்லாவற்றுக்கும் உறை போட்டால் துவைப்பதற்கே நாள் போய்விடும். விளக்கு மாடம், ஊதுபத்தி, அடுப்பு பக்கத்தில் எதையும் தொங்கவிட வேண்டாம்.

துவைப்பது

அடர்ந்த நிற நூலாக இருந்தால் முதல் தடவை தனியாக ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் வீடுகளில் சோப்பு சரியாக நுரைக்காது, துணியிலேயே படிந்து பின்னல் விறைத்துப்போகும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது குழாயில் வரும் நல்ல தண்ணீரைப் பிடித்து வையுங்கள். முறுக்கிப் பிழியாமல், ஒரு துண்டில் வைத்துச் சுருட்டி அமுக்கி ஈரத்தை எடுங்கள். கொடியில் போட்டால் தண்ணீரின் கனத்தில் நீண்டுவிடும். நிழலில் ஒரு கயித்துக்கட்டிலைப் போட்டு, அதன்மேல் மூலைகளை இழுத்துச் சதுரமாக்கிப் பரப்புங்கள். கயிறுகளின் இடைவெளியில் அடியிலும் காற்றுப் போகும். மதியம் ஒருமுறை திருப்பிப் போட்டால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும்.