மின்பேருந்துக்குக் கார்பன் கிரெடிட்: கலிபோர்னியா கணக்கைப் போடும் முறை

போக்குவரத்துப் புகையைக் குறைக்க அமெரிக்க மாநிலங்கள் கொண்டுவந்த விதிகளில், ஒவ்வொரு யூனிட் மின்சாரத்துக்கும் முதலில் கணக்குப் பார்க்க முடிந்தது கலிபோர்னியாவின் குறைகார்பன் எரிபொருள் விதியில்தான். 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓரிகன் 2016-இலும் வாஷிங்டன் மாநிலம் 2023-இலும் இதே வழிக்கு வந்தன.

ஒரு மெகாஜூல் (ஆற்றலின் அளவு) தரும் எரிபொருளுக்கு இத்தனை கிராம் கார்பன் என்று ஆண்டுக்கு ஒரு வரம்பு உண்டு. எண்ணெய் எடுப்பதிலிருந்து வண்டியில் எரிவது வரை எல்லாம் அதில் சேர்த்தி. வரம்பைத் தாண்டும் டீசல் விற்பவர் கிரெடிட் வாங்கியாக வேண்டும்; அதற்குக் கீழே நிற்பவருக்குக் கிரெடிட் சேரும். ஒரு கிரெடிட் என்பது ஒரு டன் கார்பன் குறைப்பு. மின்பேருந்தைச் சார்ஜ் செய்யும் மின்சாரமும் இந்தக் கணக்கில் ஓர் எரிபொருள்தான்.

மின்பேருந்துக்குக் கிரெடிட் கோருபவர் முதலில் மீட்டரைக் கவனியுங்கள். பணிமனை விளக்கும் பேருந்து கழுவும் மோட்டாரும் சார்ஜரோடு ஒரே மீட்டரில் ஓடினால் அந்த அளவு செல்லாது. சார்ஜருக்குத் தனி மீட்டர் வையுங்கள், சார்ஜரையும் பதிவு செய்யுங்கள். பொதுவாகக் கிரெடிட் சார்ஜரின் உடைமையாளருக்கே. பேருந்து ஒருவருடையது, சார்ஜர் இன்னொருவருடையது என்றால் யார் கோருவது என்பதை முன்பே எழுதி வாங்கிவிடுங்கள். ஒரே யூனிட்டை இருவர் கோர முடியாது.

இனி கணக்கு. காலாண்டில் 30,000 யூனிட் ஓடியது, டீசல் வரம்பு 85 கிராம், மின்சாரம் 80 கிராம் என்று வைத்துக்கொள்வோம். (வரம்பு ஆண்டுதோறும் இறங்கும், அந்தந்த ஆண்டின் எண்ணைப் போடுங்கள்.) பேருந்துக்குத் திறன் விகிதம் 5. அதாவது அதே தூரம் ஓட டீசலுக்கு ஐந்து மடங்கு ஆற்றல் வேண்டும்.

ஒரு யூனிட் 3.6 மெகாஜூல். ஐந்தால் பெருக்கினால் 18 மெகாஜூல் டீசல் மிச்சம். மின்சாரத்தின் 80-ஐ ஐந்தால் வகுத்தால் 16. 85-இலிருந்து கழித்தால் 69. 18 × 69 = 1,242 கிராம். 30,000 யூனிட்டுக்கு 3.726 கோடி கிராம், அதாவது 37.26 டன்; 37.26 கிரெடிட்.

பலர் சறுக்குவது அந்த வகுத்தலில்தான். 80-ஐ அப்படியே கழித்தால் 5 கிராம்தான் மிஞ்சும்; கிரெடிட் 2.7-ஆகச் சுருங்கிவிடும். திறன் விகிதம் இரண்டு இடத்திலும் வர வேண்டும்.

சூரிய, காற்றாலை மின்சாரத்துக்கான சான்றிதழ் வாங்கி மின்சாரத்தின் கார்பன் அளவைப் பூஜ்யமாக்கினால் 45.9 கிரெடிட். 8.64 தான் கூடுதல். பெரும்பங்கை மோட்டாரின் திறனே கொடுத்துவிடுகிறது. ஆகவே சான்றிதழ் விலையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

வருமானத்தை நிலையானதாக நம்பிக் கடன் வாங்காதீர்கள். 2020-இல் ஏறக்குறைய 200 டாலருக்குப் போன கிரெடிட், சந்தையில் தேங்கிய பின் 2024-இல் 75-க்கும் கீழே வந்தது.

ஜனவரி முதல் மார்ச் வரையான கணக்குக்கு ஜூன் 30 கடைசி நாள். தவறவிட்டால் அந்தக் காலாண்டின் கிரெடிட்டைப் பிறகு கோர முடியாது.