போராட்டத் துண்டுப்பிரசுரம் கிடைத்தால்

வவுனியாவிலோ கிளிநொச்சி அறிவியல்நகரிலோ பழைய மாணவர் போராட்டத் துண்டுப்பிரசுரம் அகப்பட்டால், முதலில் ஸ்ரேப்ளர் கம்பியைக் கழற்றுங்கள். துருப்பிடித்துத் தாளை அரிக்கும். கிழிசலுக்கு செலோரேப் வேண்டவே வேண்டாம், பசை மஞ்சளாகிவிடும். நிழலில் உலர்த்தி, 400 டிபிஐ தெளிவில் இரு பக்கமும் ஸ்கான் செய்யுங்கள்.

திகதிதான் தலையிடி. நாளிருக்கும், ஆண்டிராது. உள்ளடக்கத்தை வைத்துப் பிடிக்கலாம்: யாழ்ப்பாணம் குளப்பிட்டியில் இரு யாழ். பல்கலை மாணவர் இறந்த பொலிஸ் துப்பாக்கிச்சூடு 2016 ஒக்டோபர் 20 இரவு, யாழ். பல்கலை முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிப்பு 2021 ஜனவரி 8 இரவு. தலைப்பில் ‘வவுனியா வளாகம்’ என்றிருந்தால் பெரும்பாலும் 2021 ஓகஸ்டுக்கு முந்தியது. அதுவரை அது யாழ். பல்கலையின் வளாகம், அதன்பின் தனிப் பல்கலைக்கழகம். வாய்ப்பேச்சில் இன்றும் ‘கம்பஸ்’தான், அதை நம்பாதீர்கள்.

இணையத்தில் ஏற்றும் பிரதியில் கையெழுத்துகளையும் தொலைபேசி எண்களையும் மறையுங்கள், மூலத்தில் கைவைக்காதீர்கள்.